கோழிப்பேனுக்குச் சாதி தெரியாது

நம்முடைய எழுத்தில் மாடு வந்துவிட்டது. பன்றி வந்துவிட்டது. பறை வந்துவிட்டது, சுடுகாடு வந்துவிட்டது. கோழி மட்டும் இன்னும் குழம்புச் சட்டியைத் தாண்டி வெளியே வரவில்லை. வந்தாலும் காது குத்துக்கோ காட்டேரிக்கோ அறுபடுவதற்காக வருகிறது. உயிரோடு குப்பையைக் கிளறிக்கொண்டு திரிகிற கோழியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கோழி பொம்பளைங்க சமாச்சாரம். மாடு வித்த காசு ஆம்பளை சட்டைப் பைக்குப் போகும். ஆடு வித்த காசு பாதி கடன்காரனுக்கு, பாதி சாராயக் கடைக்கு. கோழி வித்த காசு ஒன்றுதான் முந்தானை முடிச்சுக்கு வரும். அந்த முடிச்சில்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும், பஸ் காசும், ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கிறது. எங்கள் காலனியில் படித்து வெளியே வந்த பெண்களில் பாதிப் பேர் கோழி படிக்க வைத்தவர்கள். நானும் அதில் ஒருத்தி.

நமக்கு உயிர்ச்சொத்து இருப்பது இந்த ஊருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தீண்டப்படாதவர் நிலமோ கால்நடையோ சேர்த்தால் அதை இந்துக் கிராமம் குற்றமாக எண்ணியது என்று அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். அவர் மறைந்து பல வருஷம் கழித்து, 1989-ல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஐந்தாம் தொகுதியில் அது இருக்கிறது. நம் பக்கத்துக் கதையும் அதேதான். 1931-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்களுக்குப் பதினோரு கட்டளை போட்டார்கள். ஹட்டன் துரை தன் சாதி பற்றிய புத்தகத்தில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. அடுத்தது, நம் பிள்ளைகள் மிராசுதாரர் மாட்டை மட்டும்தான் மேய்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்தவன் மாட்டை மேய்க்கலாம். தனக்கென்று ஒன்றும் மேய்க்கக் கூடாது, படிக்கவும் கூடாது. எங்கள் ஆயாக்கள் கோழி வளர்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்களே, அது அந்த இரண்டு கட்டளைக்கும் ஒரே சமயத்தில் சொன்ன பதில்.

இது என் சின்னம்மாவின் கோழிகளைப் பற்றியது. விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊர். சின்னம்மாவுக்கு நிலம் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம். மகளும் பேத்தியும் கூடவே இருக்கிறார்கள். 2022-ல் சின்னம்மாவிடம் 11 பெட்டைக்கோழி, 2 சேவல், 17 குஞ்சு இருந்தது. எல்லாம் நாட்டுக்கோழி. செவப்பி, கருப்பி, புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. பேத்தி அந்த வருஷம் ஆறாவது போனாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். அவளுடைய சைக்கிள் ரிப்பேர், செருப்பு, நோட்டு எல்லாம் செவப்பி தலையில்.

அந்த மே மாதத்திலேயே கோழிகள் சரியில்லை. கொண்டை சிவப்பு போய் வெளுத்துவிட்டது. சாயங்காலம் கூட்டுக்குள் போகச் சொன்னால் போகாமல் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. முட்டை நின்றுபோனது. அடைக்கு உட்கார்ந்த கருப்பி பன்னிரண்டாம் நாள் முட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டது. "தாய்க்கோழி முட்டைய உட்டுட்டு ஏந்திருக்குதுன்னா அதுக்குத் தாங்க முடியாத என்னமோ இருக்குது"ன்னு சின்னம்மா சொல்லுச்சு. குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வியாபாரி வந்து செவப்பியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா இது, காத்தாட்டம் இருக்குது. எரநூறு ரூவாதான் தருவேன்"னு சொன்னான். பொங்கலுக்கு இதே செவப்பிக்கு அறுநூறு ரூபாய் கேட்டவன்தான் அவன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். பேத்தி கழுத்திலும் கையிலும் சொறிந்துகொண்டே இருந்திருக்கிறாள். கொசுக்கடி மாதிரி சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு. டீச்சர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். கோழிப்பேன் என்று பிள்ளை உள்ளதைச் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். பிள்ளையைக் கடைசிச் சுவரோரம் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்திலும் தட்டோடு தனியாக. நாலு நாள் அப்படியே. பிள்ளை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அஞ்சாம் நாள், "எனக்கு வயிறு வலிக்குது, நான் போவுல"ன்னு படுத்துக்கொண்டாள். அவள் அம்மா அதட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று ராத்திரி சின்னம்மா சோறு தின்னவில்லை. "எல்லாத்தையும் வித்துப்புடறேன். இந்தக் கோழி எனக்கு வாணாம்"ன்னு சொல்லுச்சு.

வித்துவிடலாம். ஆனால் விற்றால் என்ன ஆகும்? இளைத்த கோழிக்கு இருநூறு ரூபாய். அதற்குப் பிறகு பிள்ளையின் படிப்புக்கு எதை விற்பது? நான் பேத்தியிடம், "டார்ச் லைட்ட எடு, வெள்ளைப் பேப்பர் ஒண்ணு கிழிச்சிக்கினு வா"ன்னு சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு மூன்று பேரும் கூட்டுக்குப் போனோம். மண்சுவர்க் கூடு, மேலே பலகை, குறுக்கே ஒரு கட்டை. பகலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ராத்திரி வெளிச்சம் அடித்தால் கட்டை பூரா ஊர்கிறது. பேப்பரைப் பலகை இடுக்கில் வைத்து அழுத்தி எடுத்தோம். ரத்தக் கோடு. "பெரிம்மா, இது கோழி ரத்தமா?"ன்னு பிள்ளை கேட்டாள். கோழி ரத்தந்தான்.

பேன் பேன் என்று நாம் சொல்கிறோமே தவிர இது பேன் இல்லை. பேனுக்கு ஆறு கால். வளர்ந்த இதற்கு எட்டுக் கால். உண்ணி, சிலந்தி வகையறா. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. இதில் ஒரு சாதி - இந்த இடத்தில் இந்த வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது - பகல் முழுக்கக் கூட்டின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி மட்டும் வந்து குடிக்கும். இன்னொன்று கோழியின் மேலேயே, குதத்தைச் சுற்றி ரோமத்தடியில் குடியிருக்கும். வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து வளர்ந்து அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். இடுக்கில் இருப்பது ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். ஆகவே கூட்டை நாலு நாள் காலியாகப் போட்டால் போய்விடும் என்பது நடக்காது. மனுசரையும் கடிக்கும். ஆனால் மனுசர் மேல் குடித்தனம் நடத்தாது. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தலைப்பேன் மாதிரி தொற்றிப் பரவுகிற வியாதி இல்லை இது.

இது எப்படி வருகிறது? சிட்டுக்குருவி கொண்டுவரும், மைனா கொண்டுவரும். சந்தையில் வாங்கிய கோழி கொண்டுவரும். வீடு வீடாகப் போகிற வியாபாரியின் கூடை கொண்டுவரும். பல்லாயிரம் கோழி இருக்கிற முட்டைப் பண்ணைகளிலும் இது உண்டு, வெள்ளைக்கார நாட்டுப் பண்ணைகளிலும் உண்டு. பண்ணையில் வந்தால் அதற்குப் பேர் நோய். டாக்டர் வருவார், மருந்து வரும், நஷ்டக் கணக்கு எழுதுவார்கள். காலனியில் வந்தால் அதற்குப் பேர் அழுக்கு.

கால்நடை மருந்தகத்துக்குச் செவப்பியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் கூடையைத் திறக்கவே இல்லை. எட்டத்திலிருந்தே, "எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னோம். "கூட்டைச் சுத்தமா வச்சிக்கணும்மா" என்றார். கோழிக்கு என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தெரு என்று கேட்கிற வைத்தியம் எந்தப் படிப்பில் இருக்கிறதோ தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தார். அந்த மனுசன் கோழியைக் கையில் வாங்கி, இறக்கையை விரித்து, அடிவயிற்றை ஊதிப் பார்த்து, பூச்சி மருந்து கொடுத்து, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பது வரை சொன்னார். அவரையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குள் தெருவில் ஆளுக்கொரு யோசனை. "வயலுக்கு அடிக்கிற மருந்தக் கலக்கி அடிச்சி உடு, ஒரே நாள்ல போயிடும்"ன்னு சொன்னவர்கள்தான் அதிகம். நம் ஜனங்களுக்கு அந்த மருந்து கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறது. காலமெல்லாம் அடுத்தவன் வயலுக்கு முதுகில் சுமந்து அடிப்பவர்கள் நாம்தானே. சின்னம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டது. "அந்த நாத்தத்துல மயக்கம் போட்டு உழுந்தவ நானு. அத முட்டையில ஏத்தி என் பேத்திக்குக் குடுக்கச் சொல்றியா?"

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும். முதலில் கூட்டிலிருந்த வைக்கோல், பழைய சாக்கு, அடைக்கூடை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்தினோம். பலகையையும் கட்டையையும் கழற்றிக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி வெயிலில் போட்டோம். சுவரிலிருந்த வெடிப்பு, பொந்து எல்லாவற்றையும் மண் குழைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். காய்ந்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு ஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைத்துக் கட்டை, பலகை இடுக்கெல்லாம் தடவினோம். கோழி உட்காருகிற கட்டையைச் சுவரில் படாமல் நாலு கால் வைத்து நிறுத்தி, ஒவ்வொரு காலையும் கழிவு ஆயில் ஊற்றிய டப்பாவில் வைத்தோம். தரையிலிருந்து ஏறுவது அதிலேயே விழுந்து சாகும். கோழி ஒவ்வொன்றையும் பிடித்து இறக்கைக்கு அடியிலும் வாலுக்கு அடியிலும் வேப்பெண்ணெயைத் தொட்டுத் தடவினோம். முருங்கை நிழலில் ஒரு குழி வெட்டி மணலும் சலித்த விறகுச் சாம்பலும் போட்டோம். கோழி அதில் தானாக விழுந்து புரளும். அதற்குத் தெரிந்த வைத்தியம் அது. சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் போடச் சொன்னார்கள். பேனைக் கொல்லும், வாஸ்தவம்தான். ஆனால் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். பிள்ளை இருக்கிற வீடு, அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

முக்கியமானது இனிமேல்தான். இதையெல்லாம் ஒரு தரம் செய்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேலைக்காகாது. வளர்ந்தது செத்தாலும் அதன் முட்டை சாகாது. ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தோராம் நாள் என்று மறுபடி மறுபடி செய்தோம். நாலாவது தரம் ராத்திரி பேப்பரை வைத்து அழுத்தினபோது பேப்பர் வெள்ளையாகவே வந்தது.

பேன் போய்விட்டது. ஆனால் கோழி கோழியாக இல்லை. நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி மாதிரி நிற்கிறது. ரெண்டு பக்கமும் சதையே இல்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தொங்கு தராசு வாங்கிவந்தேன். செவப்பி 940 கிராம். புள்ளி 870. பொங்கலுக்கு வியாபாரி எடுத்த கோழியெல்லாம் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பேத்தி ஒரு நோட்டுப் போட்டு வாரா வாரம் எழுதினாள்.

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டக் கூடாது. இது மனுசருக்கும் உள்ள சங்கதி. நம் ஜனங்களுக்குப் பட்டினியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் நாலு நாள் பழைய சோறும் தவிடும் மோரும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. குடிக்கிற தண்ணீரில் துளி வெல்லம். அப்புறம் கம்பு, அரிசிக் குருணை, மல்லாட்டைப் பிண்ணாக்கு. கோழி வெளியே மேய்வது போக, ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் கணக்கு. தினம் ஒரு பிடி முருங்கைக்கீரை. முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துப் போட்டோம். உதிர்ந்த ரோமம் மறுபடி முளைக்க வேண்டும். ரோமம் என்பது பெரும்பாலும் புரதம்தான். அதற்குத் தானியம் மட்டும் போதாது, பூச்சி வேண்டும், கறி வேண்டும். சின்னம்மா பழம்பானையில் கந்தல் சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் வேலியோரம் கவிழ்த்து வைக்கும். விடிகாலையில் தூக்கினால் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் அதைப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும்.

ரத்தம் போன உடம்புக்கு ஈரல். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எடுக்கும்போது கால் கிலோ ஈரலும் எடுத்து, உப்புப் போடாமல் வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டோம். சேவல் முதல் குஞ்சு வரை அடித்துக்கொண்டு தின்றன. எங்களைப் பார்த்து மாடு தின்கிறவர்கள் என்று முகம் சுளிக்கிற ஊர், அந்தக் கோழியைக் கிலோ முன்னூத்தம்பது கொடுத்து வாங்கிப்போய்த் திருவிழாவுக்கு அறுக்கும். "மாடு தின்ன கோழின்னு சொல்லிப்புடாதடி, வெல கொறைச்சிப்புடுவானுங்க"ன்னு சின்னம்மா சிரிச்சிது. அந்த ஒரு மாதத்தில் சின்னம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் செவப்பி 1,120 கிராம். கொண்டையில் ரத்தம் ஏற ஆரம்பித்தது. எட்டாவது வாரம் 1,410. புள்ளி 1,280. ஆவணி முடிவதற்குள் ஐந்து கோழி முட்டைக்கு வந்துவிட்டது. ரெண்டு பெட்டை பிழைக்கவில்லை. 17 குஞ்சில் மிஞ்சியது 6. கருப்பியை மறுபடி அடைக்கு வைத்தோம். மண்சட்டியில் மணல், மேலே சாம்பல், நொச்சி இலை, வேப்பிலை. இந்தத் தரம் அது எழுந்திருக்கவில்லை. 12 முட்டையில் 10 பொரித்தது.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். முதல் வாரமே நானும் பிள்ளையின் அம்மாவும் போனோம். டீச்சர் கத்தவில்லை, திட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "நான் சாதி பாக்கலம்மா, சுத்தம்தான் பாக்கறேன்." இந்த வாக்கியத்தை நான் நிறைய இடங்களில் கேட்டிருக்கிறேன். வாடகை வீடு கேட்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறேன், ஆஸ்டலில் கேட்டிருக்கிறேன். சாதி என்ற வார்த்தையைச் சொன்னால் கேஸ் ஆகும். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு வாயை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த வார்த்தை இருந்த இடத்தில் சுத்தத்தை உட்கார வைத்துவிட்டார்கள். நான், "இது ஆள்கிட்டேருந்து ஆளுக்குப் பரவாதுங்க டீச்சர். போன வாரம் கொசு கடிச்ச பிள்ளைங்களையும் தனியா உக்கார வச்சீங்களா?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், தட்டு எல்லாரோடும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கினோம். மறுநாளே பிள்ளை பழைய இடத்துக்குப் போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள், வீட்டிலிருந்து கிளம்பும்போது கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். தடிப்பு ஆறி ஒரு மாதம் கழித்தும் தேய்த்தாள். கோழிக்கு எட்டு வாரத்தில் எடை திரும்பியது. பிள்ளைக்கு எது எத்தனை கிராம் குறைந்தது என்று நிறுத்துப் பார்க்க எங்களிடம் தராசு இல்லை.

புரட்டாசியில் ஊர்த் தெருவிலிருந்து ரெண்டு பொம்பளைகள் வந்தார்கள். காலனி முனையிலேயே நின்றுகொண்டு சின்னம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர்கள் கோழிக்கும் அதேதான். என்ன மருந்து போட்டாய், கொஞ்சம் கொடுத்தனுப்பு என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒண்ணும் சொல்லாத சின்னம்மா, உங்களுக்கும் அழுக்குதான்னு சொல்லி அனுப்பு"ன்னு சொன்னேன். சின்னம்மா என்னைப் பார்த்து, "கோழி என்னாடி பண்ணுச்சு?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் அவர்களிடம் சொல்லுச்சு: "மருந்துன்னு புட்டியில ஒண்ணியும் இல்லம்மா. கையால செய்யற வேல. எங்க வூட்டாண்ட வந்து, உக்காந்து பாத்துட்டுப் போங்க." ஒருத்தி அப்படியே திரும்பிப் போய்விட்டாள். இன்னொருத்தி கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு வந்தாள். வாசல் கட்டையில் உட்கார்ந்தாள். பேத்திதான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று படித்துக் காட்டினாள். போகும்போது சின்னம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாளா என்று கேட்பீர்கள். சொம்பைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

இதை மனமாற்றக் கதையாக யாரும் படித்துவிடக் கூடாது. ஒருத்தி வாசலில் உட்கார்ந்துவிட்டால் ஊர் மாறிவிடாது. நான் சொல்ல வந்தது வேறு. நம்மிடம் இருப்பது அழுக்கு என்கிறார்கள். நம்மிடம் இருப்பது அறிவு என்று அந்த நோட்டு சொல்கிறது. ஆறாவது படிக்கிற பிள்ளை எழுதிய தேதி, எடை, தீனி. எந்த டாக்டர் வந்து பார்த்தாலும் செல்லும்.

அந்த நோட்டின் பலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. வெள்ளைக் கழிச்சலுக்கு அரசாங்கம் ஊசி போடுகிறது. ராணிக்கெட் நோய் என்பார்கள். வந்தால் கூடு முழுக்கக் காலி. எங்கள் ஊரில் அந்த ஊசியை எப்போதும் கோயில் திடலில் வைத்துத்தான் போடுவார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நம் பொம்பளைகள் அங்கே போவதில்லை. போனாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். அதற்குள் மருந்து தீர்ந்துபோகும். 2023 தொடக்கத்தில் காலனிப் பெண்கள் 31 பேர், வீட்டுக்கு எத்தனை கோழி என்று கணக்கெடுத்து, மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதிதாக வந்த டாக்டரிடமும் வட்டார அலுவலகத்திலும் கொடுத்தார்கள். மொத்தம் 214 கோழி. அந்தத் தரம் ஐஸ் பெட்டியோடு காலனிக்கே வந்தார்கள்.

இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடியேற்ற வருகிறீர்கள், கூட்டம் போடுகிறீர்கள், நல்லது. வரும்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கோழிக்கூட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஊசி உங்கள் தெருவுக்கு வருகிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி இல்லை.